உள்ளே இருக்கும் சூடு
மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்

எங்கள் ஊர் பனமலை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் மிகச் சிலரே எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களும் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலைச் சுற்றிவிட்டு, சிறு சந்நிதிச் சுவரில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியத்தைக் கண்டு வியந்துவிட்டு, கீழே பரந்து கிடக்கும் ஏரியைப் பின்புலமாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் எழுத வந்தது அந்த ஓவியத்தைப் பற்றியன்று. அந்த ஏரியின் கரையைப் பற்றியும், ஐப்பசி மழையில் அக்கரைமீது நடந்து பழகிய என் பெரியப்பாவைப் பற்றியும், நம் துறையாகிய இயற்பியலில் ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும்தான். இம்மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எனக்கே அது விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெரியப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பீடி உண்டு, மற்றபடி எந்த வியாதியும் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கி முடித்த ஒருநாள் மாலை, நெஞ்சில் பாரம் வைத்தாற்போல இருக்கிறது என்றார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு இன்னொரு சோதனை. வாழ்நாளெல்லாம் வரப்பில் நடந்தவருக்கு அந்தப் பட்டை ஒரு பொருட்டா? வேர்க்காமல் நடந்து இறங்கினார்.

வெளியே புங்கமரத்தடியில் நின்று அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

"இன்னா பாப்பா போட்டிருக்கான்?"

"நெகடிவ்னு போட்டிருக்கு பெரியப்பா. அப்படின்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சிரித்துவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பினார். நாற்பத்தோராம் நாள் காலை, மோட்டார் போடப் போனவர் கிணற்றுமேட்டிலேயே சாய்ந்துவிட்டார். எடுத்துப் போக வண்டி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாப்பாவே படிச்சிப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுதானே சொல்லிச்சு." அவள் என்மேல் குற்றம் சாட்டவில்லை. விதியின் விந்தையைச் சொல்வதாகவே சொன்னாள். ஆயினும் அச்சொல் என் காதில் வேறுவிதமாகவே விழுந்தது. அந்தக் காகிதத்தைப் பிற்பாடு எடுத்து நிதானமாகப் படித்தேன். அதில் 'ஒன்றுமில்லை' என்று எங்கும் எழுதவில்லை. நடையின்போது இதயத்தசைக்கு இரத்த ஓட்டம் குறைந்ததற்கான அடையாளம் தென்படவில்லை என்றுதான் எழுதியிருந்தது. 'ஒன்றுமில்லை' என்பது என் மொழிபெயர்ப்பு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று தேடப் புகுந்ததில்தான் இக்கட்டுரைக்குரிய செய்திகள் கிடைத்தன.

மாரடைப்பு என்றால் குழாயில் சுண்ணாம்பு படிவதுபோலக் கொழுப்புப் படிந்து படிந்து, ஒருநாள் வழி முழுதும் அடைபட்டுப்போவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் 1988-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பே ஏதோ காரணத்துக்காக ஆஞ்சியோகிராம் படம் எடுத்துக்கொண்டு, பின்னால் மாரடைப்புக்கு ஆளான 29 பேரின் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுள் 19 பேருக்கு, பிற்பாடு அடைபட்ட அந்தத் தமனி, பழைய படத்தில் பாதியளவுகூடக் குறுகியிருக்கவில்லை! பாதி வழி திறந்திருக்கும் தமனி, நடக்கும்போது வேண்டிய இரத்தத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடும். ஓடும் பட்டைச் சோதனை அதைக் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. அது குறுகலைத் தேடும் சோதனை. இங்கே கேடு குறுகலில் இல்லை.

பின் எதில் இருக்கிறது? எங்கள் ஏரிக்கரையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். கால்வாயில் வண்டல் படிந்து தண்ணீர் குறைவது ஒரு வகைத் தொல்லை. அது கண்ணுக்குத் தெரியும், வெட்டிச் சரிசெய்யலாம். கரை உடைவது வேறு வகை. வெளியிலிருந்து பார்த்தால் கரை புல் மூடி அழகாகவே இருக்கும். உள்ளே எலியும் நண்டும் வளை பறித்திருக்கும். மதகில் தண்ணீர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், உடைப்பு எடுக்கும் அந்த இரவுவரை. அடைமழையில் ஊர் உறங்கும்போது பெரியப்பா அரிக்கேனை எடுத்துக்கொண்டு கரையின் அடிவாரத்தில் நடப்பார். மேலே நடப்பவன் கரையைப் பார்க்கமாட்டான், ஏரியைத்தான் பார்ப்பான் என்பார்.

தமனியின் உட்சுவரிலும் இதேதான் நடக்கிறது. கொழுப்பு சுவருக்குள் இறங்கித் தங்குகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் கூட்டமாக உள்ளே புகுகின்றன. விழுங்கி உப்பி, பலவும் அங்கேயே மடிகின்றன. மேலே ஒரு மெல்லிய மூடி. அது கிழிந்தால் உள்ளே இருப்பது இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் இரத்தம் அங்கே உறைந்து வழியை அடைத்துவிடும். இந்நோய்க்கு 'அதெரோஸ்கிளிரோசிஸ்' என்று 1904-இல் ஜெர்மன் அறிஞர் மார்ஷாண்டு பெயரிட்டார். 'அதெரே' என்றால் கிரேக்க மொழியில் கூழ். கேழ்வரகுக் கூழைக் குடித்தே வளர்ந்த எங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக எவராலும் விளக்க முடியாது. மேலே ஆடை கட்டியிருக்கும், அடியில் கொழகொழவென்று இருக்கும். இது ஏதோ இக்காலத்து நாகரிக வியாதி என்றும் சொல்வதற்கில்லை. எகிப்து, பெரு முதலிய நாடுகளின் 137 பழஞ்சடலங்களை ஊடுகதிர்ப் படமெடுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குச் சடலங்களில் இதன் அடையாளம் இருந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். வெள்ளணுக்கள் கூட்டமாக வேலை செய்யும் இடம் சூடாகத்தானே இருக்க வேண்டும்? 1996-இல் டெக்சாஸில் காசெல்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் இதைச் சோதித்தார்கள். கழுத்துத் தமனியிலிருந்து அறுத்தெடுத்த படிவுகளை, எடுத்த கால் மணி நேரத்துக்குள், ஊசிபோன்ற வெப்பமானியால் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 37 படிவுகளில் சில இடங்கள் மட்டும் 0.4 முதல் 2.2 டிகிரிவரை கூடுதல் சூடாக இருந்தன. அந்த இடங்களில்தான் வெள்ளணுக்கள் நெருக்கமாக இருந்தன. 1999-இல் ஏதென்ஸ் நகரத்து ஸ்டெஃபனாடிஸ் குழுவினர் வெப்பமானி பொருத்திய மெல்லிய குழாயை உயிருள்ள மனிதரின் இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தி அளந்தார்கள். நோய் அமைதியாக இருப்பவர்களுக்குச் சராசரியாக 0.1 டிகிரி வேறுபாடு. நோய் முற்றியவர்களுக்கு 0.7-ஐ ஒட்டி, மாரடைப்பு வந்தவர்களுக்கு ஏறத்தாழ 1.5. பின்னால் வேறிடங்களில் அளந்தவர்களுக்கு இத்தனை வேறுபாடு கிடைக்கவில்லை. ஓடும் இரத்தம் சுவரைக் குளிர்வித்துவிடுகிறது என்பது ஒரு காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு மல்லாட்டைக் குவியல் நினைவுக்கு வந்தது. ஈரக் கொடியை அப்படியே அம்பாரமாகப் போட்டுவிட்டால் மேலே காய்ந்தாற்போலத் தெரியும். உள்ளே புழுங்கிக் கொதிக்கும். களத்துக்கு வரும் எவரும் முதலில் முழங்கைவரை கையை உள்ளே விட்டுத்தான் பார்ப்பார்கள். தமனிக்குள் குழாய் விடுவது அந்தக் கையைப் போன்றது. ஆனால் நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் தமனிக்குள் குழாய் விட முடியுமா? கையை விடாமலே உள்ளே இருக்கும் சூட்டை அறிய வேண்டும். அங்கேதான் நுண்ணலை வருகிறது.

நுண்ணலை என்றதும் சோறு சூடாக்கும் அடுப்பு நம் நினைவுக்கு வரும். அது நுண்ணலையை உள்ளே செலுத்துவது. நான் சொல்லப்போவது அதற்கு நேர்மாறானது. எதையும் செலுத்துவதில்லை, காத்திருந்து கேட்பதுதான். சூடுள்ள ஒவ்வொரு பொருளும் எல்லா அலைநீளங்களிலும் கதிர்களை உமிழ்கிறது என்று இரண்டாம் ஆண்டிலேயே நாம் பிளாங்கின் விதியைப் படித்துத் தேர்வில் எழுதி மறந்திருக்கிறோம். நம் உடலும் உமிழ்கிறது. அதில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். ஆனால் அது தோலின் மேற்பரப்பிலிருந்து வருவது, உள்ளே நடப்பதைச் சொல்லாது. சிறிதளவு நுண்ணலையாகவும் வெளிவருகிறது. பத்து சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலை, தசைக்குள் இரண்டொரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும், கொழுப்பாக இருந்தால் இன்னும் ஆழத்திலிருந்தும் மேலே வந்து சேரும். கழுத்துத் தமனியோ தோலுக்குக் கீழே அந்த ஆழத்தில்தான் ஓடுகிறது.

எவ்வளவு வருகிறது என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். போல்ட்ஸ்மன் மாறிலி, உடலின் 310 கெல்வின், நூறு கோடி ஹெர்ட்ஸ் அலைப்பட்டை – இம்மூன்றையும் பெருக்கினால் போதும். ஒரு வாட்டை ஒரு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு! அதிலும் 0.1 டிகிரி வேறுபாட்டை அறிய வேண்டுமானால், அந்த நான்கு பங்கில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும். கருவிக்குள்ளேயே இருக்கும் மின்னணுப் பெருக்கியின் இரைச்சல் இதைவிடப் பெரிதாக ஏறி இறங்குமே, எப்படி அளப்பது என்று நான் திகைத்தேன்.

அதற்கு வழி சொன்னவர் ராபர்ட் டிக்கி. 1946-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அரிச்சுவடி. பெருக்கியின் வாயை அளக்க வேண்டிய பொருளின் பக்கம் ஒருமுறை, சூடு தெரிந்த இன்னொரு பொருளின் பக்கம் ஒருமுறை என்று நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். பெருக்கியின் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்துபோகும். வேறுபாடு மட்டும் மிஞ்சும். இரவில் தங்கைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அவள் நெற்றியைத் தொட்ட கையை உடனே என் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள்; மறுபடி அவள் நெற்றி. உறக்கத்தில் எரிச்சலாக இருக்கும். டிக்கியின் முறையை வீட்டிலேயே கண்டிருக்கிறேன் என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

இந்தக் கருவியை வானியலார் எடுத்துக்கொண்டார்கள். 1962-இல் வெள்ளிக் கோளை நெருங்கிப் பறந்த மரைனர்–2 கலத்தில் ஒரு நுண்ணலைக் கதிர்மானி இருந்தது. அப்பணியில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் எம்.ஐ.டி.யின் ஆலன் பாரெட். அவரும் மையர்ஸும் 1975-இல் அதே முறையை மனித உடலின்பக்கம் திருப்பினார்கள். மார்பகப் புற்றுநோயை அதன் சூட்டைக்கொண்டு அறிய முடியுமா என்பது அவர்கள் கேள்வி. ஒரு கோளின் சூட்டை அளந்தவர், ஒரு பெண்ணின் உடலில் அரை விரல் ஆழத்தில் இருக்கும் சூட்டை அளக்க வந்ததை எண்ணினால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கழுத்துத் தமனிக்கு இம்முறை வந்துசேர்ந்தது மிகப் பின்னால். ஏதென்ஸின் டூடூசாஸ் குழுவினர் 2012-இல் அதை வெளியிட்டார்கள். கழுத்துத் தமனியில் அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளின் தோல்மீது ஏற்பியை வைத்து, தமனி செல்லும் வழியெல்லாம் நகர்த்திச் சூட்டை அளந்தார்கள். குத்தலில்லை, மருந்தில்லை, கதிர்வீச்சும் இல்லை. நோயுள்ள தமனியில் கூடிய சூட்டுக்கும் குறைந்த சூட்டுக்கும் உள்ள இடைவெளி, நோயற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. பிறகு அறுத்தெடுத்த படிவுகளைச் சோதித்தபோது, சூடு மிகுந்தவற்றில் வெள்ளணுக்களும் மிகுந்திருந்தன.

கேட்பதோடு நில்லாமல் அலையைச் செலுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. நீர் மிகுந்த தசையும் நீரற்ற கொழுப்பும் நுண்ணலைக்கு முற்றிலும் வேறு வேறு பொருள்கள். தசையின் மின்கடவாப் பண்பெண் ஐம்பதுக்கு மேல், கொழுப்பினுடையது ஐந்தை ஒட்டி. ஆகவே தமனிச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, எதன்மீது பட்டது என்று காட்டிக்கொடுக்கும். ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் மையத்துப் பொறியாளர்கள், குழாயின் நுனியில் சிறு அலைபரப்பியை வைத்துத் தமனிப் படிவை நுண்ணலையாலேயே சூடாக்கி மருத்துவம் செய்யும் வழிக்குக் காப்புரிமையும் பெற்றிருக்கிறார்கள். அது இன்னும் தமனிக்குள் கை விடும் வழிதான் என்பதால் என் மனம் அதில் அவ்வளவாக ஒட்டவில்லை.

நம்மவர்கள் யாருமில்லையா என்று கேட்கலாம். இந்த அலைக்கே நம் நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஐந்து மில்லிமீட்டர் அளவுவரை குறுகிய அலைகளை உண்டாக்கி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அலைகளை முனைவாக்க அவர் பயன்படுத்திய சாதனங்களுள் ஒன்று, தாள்களுக்கிடையே உலோகத்தகடு செருகிய இரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! நம் ஆய்வகத்தில் கருவி போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் எங்கள் பேராசிரியர் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவார். இன்றைக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கவிதா அருணாச்சலம் நுண்ணலை மருத்துவப் பொறியியலில் ஆய்வு செய்கிறார். சிறுநீர்ப்பையிலுள்ள நீரை இலேசாகச் சூடாக்கி, அது சிறுநீரகத்துக்குத் திரும்பி ஏறுகிறதா என்பதை வெளியிலிருந்து நுண்ணலைக் கதிர்மானியால் அறியும் அமெரிக்க ஆய்வொன்றில் பங்குகொண்டவர் அவர். அது 2011-இல் வெளியாயிற்று. இதய மருத்துவத்திலோ நம் மாநிலம் பின்தங்கியதே இல்லை. 1975-இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் செரியன் அவர்கள் தமனி மாற்றுவழி அறுவையை நாட்டிலேயே முதன்முதலாக வெற்றியுடன் செய்தார். பலூன் வைத்துத் தமனியை விரிக்கும் முறையை மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் சென்னையில் தொடங்கிவைத்தார். குறுகிய வழியை அகலமாக்குவதில் நாம் தேர்ந்துவிட்டோம். குறுகாத வழியில் ஒளிந்திருப்பதைக் காண்பதுதான் உலகம் முழுவதற்கும் இன்னும் கைகூடவில்லை.

கைகூடவில்லை என்று நான் சொல்வது அடக்கத்துக்காக அன்று. இந்த நுண்ணலைக் கதிர்மானி இன்னும் ஆய்வாளர் கையில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு செல்பேசி ஒலித்தால் போதும், அந்த நான்கு பங்குக்குப் பதில் கோடி கோடிப் பங்கு வந்து கருவியின் காதை அடைத்துவிடும். சூடான புள்ளி இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டும் அளவு நுட்பமும் அதற்கில்லை. பெரியப்பாவைக் கொண்டுபோன இதயத் தமனியோ நெஞ்செலும்புக்குப் பின்னே, ஓயாமல் துடிக்கும் தசையின்மேல் கிடக்கிறது; தோலில் வைத்த ஏற்பிக்கு அது எட்டாது. கழுத்தின் சூட்டைக் கொண்டு நெஞ்சின் நிலையை ஊகிக்கலாம் என்கிறார்கள். ஊகம்தான். அன்று அந்தக் கருவி எங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பாரா என்று பெரியம்மா கேட்டால், ஆம் என்று சொல்ல என்னால் முடியாது. அவளும் கேட்கவில்லை.

சென்ற தை மாதம் அப்பாவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரக்கூடும் என்பதால், இரத்தக் கொதிப்பு, இரத்தக் கொழுப்பு, கழுத்துத் தமனியில் ஒலியலைப் படம் எல்லாம் பார்த்தார்கள். வெளியே அதே புங்கமரம். அதேபோல ஒரு காகிதம்.

"இன்னாம்மா போட்டிருக்காங்க?"

இம்முறை ஒரு சொல்லையும் விடாமல் படித்தேன். இடப்பக்கத் தமனிச் சுவரில் சிறிது தடிப்பு, இரத்த ஓட்டத்துக்குத் தடையில்லை. கொழுப்பு அளவுக்கு மேல். மாத்திரை தினமும் இரவில். பீடியை விட்டே ஆக வேண்டும். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள சூடு இருக்கா இல்லியான்னு இதுல தெரியுமா?"

நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அது இதுல தெரியாதுப்பா."

"சரி. உங்க பெரியம்மாகிட்டேயும் அப்படியே சொல்லு. தெரியாதுன்னு சொல்லு."

பேருந்தில் ஏறியதும் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துப் பார்த்தார். எறியவில்லை; மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. களத்தில் முந்தின நாள் குவித்த கொடி கிடந்தது. அப்பா காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்கைவரை கையைக் குவியலுக்குள் விட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, பிரித்துப் போட வேண்டும், விளக்கை எடுத்து வா என்றார்.